காலை டாக்டர், மாலை டாக்டர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வருஷமாகப் பேசாத அக்கா எழுதுகிறேன். கிழித்துப் போடுமுன் ஒரு தடவை படித்துவிடு.

தையல்கடைக்காரர் இறந்துபோனது உனக்கும் தெரிந்திருக்கும். சாயங்காலம் லேசாக நெஞ்சு வலிக்கிறது என்று கிளம்பியிருக்கிறார். உன் கிளினிக் திறந்திருந்தது. அதைத் தாண்டி, தெருவின் மறுகோடி வரை நடந்து, பூட்டியிருந்த என் கிளினிக் வாசற்படியில் சாய்ந்திருக்கிறார். "தம்பி டாக்டர்கிட்ட போங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'அக்கா டாக்டருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க'ன்னு கேக்கவே இல்ல" என்று அவர் மனைவி அழுகிறாள்.

நம் சண்டையில் தெருவே கட்சி கட்டி நிற்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை. ஒருவர் பூட்டும்போது மற்றவர் திறந்திருப்போம். உன் நேரத்தை என் வாசலிலும் என் நேரத்தை உன் வாசலிலும் எழுதி வைப்போம். வருகிறவர் யாருடைய நோயாளி என்று இருவருமே கேட்க வேண்டாம். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

அக்கா

மார்ச் 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

சம்மதம். காலை நீங்கள், மாலை நான். மருந்துச் சீட்டைத் தயவுசெய்து புரியும்படி எழுதவும். உங்கள் கையெழுத்து அன்றைக்கே கோழிக் கிறுக்கல்.

அப்பா விஷயத்தை இதில் கலக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீங்கள் விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அந்த எண்ணம் மாறவில்லை.

இப்படிக்கு,
டாக்டர்

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

கோழிக் கிறுக்கலைப் படித்துச் சிரித்தேன். ஆறு வருஷத்தில் நீ எனக்குத் தந்த ஒரே சிரிப்பு அதுதான்.

இப்போது நாம் காலை டாக்டர், மாலை டாக்டர். அக்கா டாக்டர், தம்பி டாக்டர் என்ற பழைய பெயரெல்லாம் போய்விட்டது. கண்ணாடிக் கடைக்காரர் சொல்கிறார்: "அவரு மருந்து கசக்குது. உங்க மருந்தோட புத்திமதியும் சேர்த்து முழுங்க வேண்டியிருக்கு." தையல்காரர் மனைவிகூட உன்னிடம்தான் வருகிறாளாம். கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒன்று பார்த்தாயா? நான் பூட்டும்போது நீ திறக்கிறாய். ஊருக்கு நல்ல ஏற்பாடு. நாம் ஒருவரையொருவர் பார்க்கத்தான் வழியில்லை.

வரும் வியாழன் அப்பா போன நாள். அன்று மாலை மட்டும் நீயும் பூட்டிவிட்டு வா, என் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அப்பாதான், தம்பி. அதைச் சொல்ல நீ என்னை விடவே இல்லை.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

பூட்ட முடியாது. அன்று பார்த்து ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால்? தையல்கடைக்காரரைக் காட்டி எனக்கு எழுதியது நீதானே.

அப்பா கேட்டிருக்கலாம். நீ சரியென்று தலையாட்டியிருக்கக் கூடாது. வேலையில் உன்னோடு சேர முடிந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியாது. என்னை விட்டுவிடு.

தம்பி

ஜூலை 9, வியாழன்

தம்பிக்கு,

நீ பூட்ட வேண்டாம், நானே வருகிறேன் என்று இன்று மாலை கிளம்பி வந்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு எல்லோரோடும் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது, அதுவும் நிஜம்தான். யாருடைய நோயாளி என்று நீ கேட்க முடியாதே என்றும் ஒரு நப்பாசை.

என் முறை வந்தபோது உன் நர்ஸ் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "டாக்டருக்குத் தலைவலி மேடம். பின்பக்கமா வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள்.

பெஞ்சில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. வேறு என்ன செய்வேன்? உள்ளே போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் சூடுகூட ஆறவில்லை. எல்லோரையும் பார்த்து அனுப்பினேன். சீட்டுகளைப் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே விட்டுப் போயிருக்கிறாய். துடைத்து நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன். என் பிரஷரையும் அவள்தான் பார்த்தாள். ஏறித்தான் இருக்கிறது. மாத்திரையை நானே மாற்றிக்கொண்டேன்.

மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. இனி உனக்கு எழுத மாட்டேன், வரவும் மாட்டேன். நாளைக் காலை வழக்கம்போல நான் திறப்பேன். மாலை நீ வந்துவிடு. ஜனங்கள் காத்திருப்பார்கள்.

காலை டாக்டர்