சுண்டெலியின் கேள்வி

ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ‘திருகாணி மாமா’ என்று கொண்டாடும் என் வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. தினமும் சாயங்காலம் டிவியில் பார்க்கிறேனே, நன்றாகத்தான் இருக்கிறீர்கள். போன் செய்தால் இரண்டு ஜோக் அடித்து, “சரியாயிடும், ஷாட் ரெடின்னு கூப்பிடறாங்க” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நீங்களும் மகளும் பாட்டிலில் செய்த ராக்கெட்டைப் பரணில் போடலாமா என்று கேட்டார். கை வைத்தால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் உங்கள் நிகழ்ச்சி வந்தால் ஊசி போட வரும் நர்ஸ்கூட நின்று பார்க்கிறாள். நீங்கள் பலூனில் ஓடும் வண்டி செய்து காட்டிய அன்று, நம் மகள் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே, “இதுலயும் ஒண்ணு கட்டலாம்மா” என்றாள். இப்போது எழுந்து உட்காருவதே இல்லை. படுத்துக்கொண்டுதான் பார்க்கிறாள். தொண்டையில் குழாய் போட்டு எடுத்ததிலிருந்து குரல் கம்மிக் கரகரவென்று ஆகிவிட்டது. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் அவள் உங்களிடம் போனில் பேசுவதில்லை. நீங்கள் கோபம் என்று நினைத்தீர்கள்.

நேற்று கேள்வி நேரத்தில் ‘சுண்டெலி’ என்ற பெயரில் ஒரு குழந்தையின் குரலைப் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? “மாமா, ரத்தம் கெட்டுப்போனா ரிப்பேர் பண்ண மிஷின் இருக்கா?” ரத்தம் என்றதும் உங்கள் முகம் ஒரு நொடி மாறியது. நான் பார்த்தேன். உடனே பல்லைக் காட்டிவிட்டீர்கள். “என்னடா தம்பி, ஜலதோஷமா? அந்த மிஷின் இன்னும் வரல. நீ பெரியவனாகிக் கண்டுபிடி, மாமா காத்திருக்கேன்!” என்று ஒரு குதி குதித்தீர்கள்.

சுண்டெலி நம் மகள்தான். நர்ஸின் போனில் பேசி அனுப்பியிருக்கிறாள். முதல் வார்த்தையிலேயே அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று வார்டு முழுக்கப் பந்தயம் வேறு கட்டியிருந்தாள். நீங்கள் தம்பி என்றதும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளோ சிரித்தாள். “அப்பா நல்லா ஏமாந்துட்டார்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் பெரியவளாகிற வரைக்கும் காத்திருப்பாராம்மா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று காலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி ஊசி வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். ஏன் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஷூட்டிங் ஒரு சாக்கு. உங்களுக்குப் பயம், எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம்தான். தனியாகப் பயந்து பயந்து ஓய்ந்துபோய்விட்டேன்.

வந்துவிடுங்கள். டிவியில் போடும் அந்த மஞ்சள் கோட்டு வேண்டாம், ஜோக் வேண்டாம், எதையும் செய்து எடுத்துவரவும் வேண்டாம். வந்து வார்டு வாசலிலேயே நில்லுங்கள். உள்ளிருந்து அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்கிறேன். அது யார் குரல் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்தப் பந்தயத்தில் அவள் ஜெயிக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி