அம்மா அவசரப்படுகிறாள், அப்பா

கோர்ட் வாசலை வீடாக நினைத்து, வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோன என் அப்பாவுக்கு,

வடிவு எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இதுவரை உங்களோடு மனசுக்குள்கூடப் பேசவில்லை. கோபம்தான் காரணம். செத்தவர் மேல் யாராவது கோபப்படுவார்களா என்று ஊரில் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். கோபம் தீர்ந்துபோய் இன்றைக்கு எழுத உட்காரவில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது.

இங்கே ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. உப்பளத்துப் பக்கமிருந்து அள்ளிக்கொண்டு வருகிற தூசி, கதவைச் சாத்தி வைத்தாலும் சோற்றில் நறநறக்கிறது. தோணிகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் நாலு நாளாக உள்ளே வராமல் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த அதே வக்கீல் ஆபீசில்தான் நான் இன்னும் ஜூனியர். உங்கள் மேஜையில் இன்னும் யாரையும் உட்காரவைக்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கப்பல் சட்டத்தில் மேல்படிப்புக்குப் போன வருஷம் எனக்குக் கிடைத்த அதே இடம். உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் தள்ளிக் கேட்டேனே, அது முடியப்போகிறது. வருகிறேனா இல்லையா என்று இந்த மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை தள்ளித்தர மாட்டார்களாம்.

போன வைகாசியில் முதல் கடிதம் வந்த அன்று நீங்கள் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "ஏளா, ஒரு வருசம் தள்ளிக் கேளு. இப்பத்தான கோட்டு போட்டுருக்க? நாலு தோணிக் கேஸாவது நின்னு நடத்திட்டுப் போனாத்தான் அங்கன உள்ள வாத்தியாரு சொல்லுதது மண்டையில ஏறும்."

"அப்பா, அவிய ஒரு தடவதான் தள்ளுவாவ."

"ஒரு தடவ போதும்ளா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதற்கும் வாய்தா வாங்குகிற ஆள் நீங்கள். ஒழுகுகிற ஓட்டுக்கு வாய்தா, எனக்குக் காது குத்துவதற்கு வாய்தா. இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன காரணமும் நியாயமாகத்தான் பட்டது.

கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறு முடிந்து, உங்கள் மேஜையில் இருந்த கேஸ் கட்டுகளை ஒப்படைக்கப் போனேன். அடியில் ஒரு கட்டு, மேல்தாளில் உங்கள் பெயர். வாதி இல்லை, பிரதிவாதி இல்லை, கேஸ் நம்பரும் இல்லை. உள்ளே உங்கள் நெஞ்சு எக்ஸ்ரே படமும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிச் சீட்டும்.

எல்லாக் கட்டுக்கும் போடுகிற மாதிரியே இதற்கும் மேல்தாளில் தேதி போட்டிருந்தீர்கள். டாக்டர் வரச்சொன்ன நாள், அதை அடித்துவிட்டு அடுத்த நாள், அதையும் அடித்துவிட்டு இன்னொன்று. ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம். 'உப்புக் கேஸ் சாட்சி விசாரணை.' 'சீனியர் வெளியூர்.' 'வடிவு முதல் வாதம்.' ஏழாவது தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை. முதல் தேதி என் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முந்தியது.

தெரிந்துகொண்டேதான் என்னை நிறுத்தினீர்கள். என் படிப்புக்காகவா, பயத்திலா? பயம்தான் என்றால் அதை என்னிடம் சொல்வதற்கு என்ன? நான் ஊரில்தான் இருந்தேன், அப்பா. ஆனால் உங்கள் பக்கத்தில் இல்லையே. யாருடைய சரக்கோ தண்ணீரில் நனைந்த கேஸுக்கு அந்த ஆறு மாதமும் நோட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் சாயங்காலமாவது வந்து உங்கள் கூட உட்கார்ந்திருப்பேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இனி அம்மா விஷயம். போன வருஷம் "பொட்டப்புள்ளைய கடல் தாண்டி அனுப்பவா பெத்தேன்" என்று மூக்கைச் சிந்தியவள், இந்த ஆனியிலிருந்து தலைகீழாக மாறிவிட்டாள். பருப்புப்பொடி இடித்தாயிற்று. பெட்டி தூசி தட்டியாயிற்று. தினமும் நான் கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "பதில் போட்டாச்சா?" என்று கேட்கிறாள். உங்களை இழந்ததில் அம்மா தேறிவிட்டாள், தைரியமாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். நான் எவ்வளவு பெரிய மக்கு பாருங்கள்.

மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போட அவள் போவதில்லை. "நீ போட்டுட்டுப் போளா" என்பாள். மேல்தட்டிலிருந்து பருப்புச் சம்படத்தை எடுக்க இடது கையை மட்டும் தூக்குவாள். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்குள்ளும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை விசாவுக்காக என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி பீரோவைத் திறந்தேன். பட்டுச்சேலைக்கு அடியில் அதே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிச் சீட்டு, அம்மா பெயரில். வலது மார்பில் கட்டி, சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதி, வரவேண்டிய தேதியும் போட்டிருந்தது. அந்தத் தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏரலில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனாளே, அன்றைக்குத்தான் முதலில் காட்டியிருக்கிறாள்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சீட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"எங்கன எடுத்த?"

"நீ வச்ச எடத்துலதான்."

சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னும் ஒண்ணரை மாசந்தானளா. நீ ப்ளேன் ஏறுன மறுநாளே போயிரலாம்னு இருந்தேன்."

"அப்பாவும் இப்பிடித்தானம்மா செஞ்சாவ."

"அவிய ஒன்னைய நிறுத்தி வச்சுட்டுச் சொல்லாமப் போயிட்டாவ. எட்டு மாசமா அவிய படத்துக்கு நீ ஒரு பூ வைக்கல. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? நாளைக்கு நானும் ஒன்னைய நிறுத்திட்டேன்னு என்னையவும் அப்பிடி வெறுத்துறக் கூடாதுல்லா. அதான் ஒன்னைய மொத அனுப்பிருவோம்னு நெனச்சேன்."

அரிவாள்மனையை வாங்கி மீதி வெங்காயத்தை நான் நறுக்கினேன். அழுவதற்கு அது வசதியாக இருந்தது. உங்கள் மேல் நான் பட்ட கோபம் இவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன், அப்பா?

திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். சதை எடுத்தார்கள். டாக்டரம்மா கையால் தொட்டுப் பார்த்த நேரத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சிக்கூண்டில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவள்தானே நான். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கூடப் பொறந்தவங்க வேற யாரும் இருக்காங்களாம்மா?" இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வியாழக்கிழமை வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு "பதில் போட்டாச்சா?" என்றாள்.

இன்று காலை தபாலாபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டேன். நான் வரவில்லை என்று எழுதினேன். ஆஸ்பத்திரிச் சர்டிபிகேட்டை இணைத்து இன்னொரு வருஷம் கேட்டுப் பார் என்று சீனியர் சொன்னார். கேட்டால் ஒருவேளை இரங்குவார்கள். ஆனால் நான் கேட்கவில்லை. அடுத்த செப்டம்பர் என்று ஒரு தேதி வந்துவிட்டால் அம்மா அதைத் தன் ஆயுசுக்குக் கெடுவாக எடுத்துக்கொள்வாள். மகள் கிளம்புவதற்குள் ஒன்று நான் தேறணும், இல்லை போய்ச் சேரணும் என்று நாளை எண்ணுகிறவள் அவள். உங்களுக்குத் தெரியாததா?

படிப்பை விட்டுவிடவில்லை. போகலாம் என்று எனக்குத் தோன்றும் வருஷத்தில் முதலிலிருந்து விண்ணப்பிப்பேன். இந்த முறை நீங்களும் நிறுத்தவில்லை, அம்மாவும் அனுப்பவில்லை. நானே தெரிந்து எடுத்த முடிவு, அதனால் பின்னால் யார் மேலும் கோபப்பட வேண்டியிருக்காது. கப்பல் சட்டம் படிக்காமல் போனதற்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வருத்தம் நிறைய இருக்கிறது.

நாளை மறுநாள் வியாழன். அந்தத் தாள் இங்கிலீஷில்தான் இருக்கும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, என் முகத்தைத்தான் பார்ப்பாள். என்ன பயம் தெரியுமா? அவளைப் பற்றிய பயம் ஒரு பக்கம். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு "வீட்ல போய்ச் சொல்லுதேம்மா" என்று சொல்லிவிடுவேனோ, வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்பேனோ, அப்புறம் வெள்ளி, அப்புறம் திங்கள் என்று போய்விடுமோ என்பது இன்னொரு பக்கம். எனக்குள் ஓடுவதும் உங்கள் ரத்தம்தானே.

அதனால் உங்களிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்தத் தாளை நான் தனியாகப் பிரிக்க மாட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்வேன். குரல் உடைந்தாலும் நிறுத்த மாட்டேன்.

நீங்கள் சொல்லாமல் போனதை மன்னிக்கப் பழகிக்கொண்டிருக்கிற,
உங்கள் ஒரே மகள்
சண்முகவடிவு