காம்பருக்கு ஓர் ஓவன்

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் ஆலங்கட்டி. பத்து மணிக்கு வெயில். பதினொன்றுக்குத் திரும்ப மழை. போர்வையை மூன்று தரம் கொடியில் போட்டு மூன்று தரம் எடுத்தாயிற்று.

காம்பருக்குச் செய்ய வேண்டியவை:
– மெத்தை உறை (இரண்டு தைத்தது, ஒன்று மிச்சம்)
– தண்ணீர்த் தாங்கி கழுவ
– தூள் போத்தல்கள், மூடி இறுக்கமானவை
– யன்னல் திரை
– ஓவன்!!

காம்பர் வீட்டு வாசலில் வந்து நின்று ஐந்து கிழமை. பழையதுதான், ஆனால் உள்ளே துப்புரவு. படுக்கை, மேசை, கழிவறை, சின்னக் குசினி எல்லாம் உண்டு. இவர் பாண் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் நின்றுவிட்டு, போன கோடையில் வேலையை விட்டார். "இனி ஊர் சுத்துவம், ஜெசி" என்றார். பெப்ரவரியோடு முதியோர் இல்ல வேலையை நானும் விட்டேன்.

பட்டறைக்காரர் ஹென்னிங் போன கிழமை சோதித்துப் பார்த்துச் சொன்னது: காஸ் குழாய் கசிகிறது, அடுப்பும் ஓவனும் ஒன்றாய் இருக்கிற அந்தப் பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். புதிதாய்க் காஸே போடலாம். இல்லாவிட்டால் காஸை முழுதாய் எடுத்துவிட்டு, கரண்டில் ஓடும் விசிறி ஓவனும் ஒரு மின் அடுப்பும். சூடாக்கி டீசலில், குளிர்பெட்டி பற்றரியில். ஆகவே காஸ் என்பது சமையலுக்கு மட்டும்தான்.

எங்களைத் தீர்மானிக்கச் சொன்னார். எனக்குக் காஸ். இவருக்கு விசிறி.

ஏப்ரல் 4, வெள்ளி

தவக்காலம், மச்சம் மாமிசம் இல்லாத நாள். பருப்பு, கத்தரிக்காய், சொதி.

கா.ஓ. (காஸ் ஓவன்): எங்கே நிறுத்தினாலும் எரியும், காட்டுக்குள்ளும் சரி. ஈரச் சூடு, கேக் காயாது. ஆனால் பின்பக்கம் கருகும், தட்டை நடுவில் திருப்ப வேண்டும். சிலிண்டர் பாரம். வேறு நாட்டுக்குப் போனால் அங்கத்தைய சிலிண்டர் எங்கள் குழாய் வாய்க்குப் பொருந்தாதாம்.

வி.ஓ. (விசிறி ஓவன்): சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. திருப்பத் தேவையில்லை. நெருப்பு இல்லை. ஆனால் காம்பிங் இடத்தில் கரண்ட் குத்தினால்தான் வேலை செய்யும், அல்லது பெரிய பற்றரி வேண்டும். இரைச்சல். மேல்பக்கம் கெதியாய்க் காயும்.

இதை வாசித்துக் காட்டினேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"விசிறி ஓவன் போடுவம்."

"கரண்ட் இல்லாத இடத்தில என்னப்பா செய்யிறது?"

"கரண்ட் இல்லாத இடத்துக்கு நாங்கள் ஏன் போறம்?"

"போன மாசம் நீங்கள்தானே சொன்னனீங்கள், நோர்வேயில மலைக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லாத இடத்தில நிப்பாட்டுவம் எண்டு?"

"அங்க பாணும் சம்பலும் சாப்பிடுவம்."

முப்பத்தாறு வருடத்தில் இந்த மனிதன் குசினிச் சாமானில் தலையிட்டது கிடையாது. இப்போது என்ன?

ஏப்ரல் 6, ஞாயிறு

தமிழ்ப் பூசை. குளிர் காற்று, வெள்ளை வெயில். கோவில் கோப்பிக்கு நான் கொண்டுபோன லவ் கேக் பத்து நிமிடத்தில் முடிந்தது.

பின்னேரம் மெத்தை உறை தைத்துக்கொண்டிருக்க, எங்கள் முதல் வீட்டு ஓவன் ஞாபகம் வந்து இவரோடு கதைத்தேன். கோல்டிங்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இரண்டு அறை. சிலிண்டரில் எரியும் பழைய ஓவன். திருகியில் இலக்கம் எல்லாம் அழிந்து போயிருந்தது. இவர் என்னுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் புள்ளி வைத்தார். ஒரு புள்ளி கேக், இரண்டு புள்ளி பாண், மூன்று புள்ளி ஒருக்காலும் வேண்டாம்.

பற்றவைப்பது இவர் வேலை. முழங்காலில் இருந்து, நீளத் தீக்குச்சியை அடித்தட்டு ஓட்டைக்குள் விடுவார். 'பொப்' என்றொரு சத்தம். நீல வளையம். இவர் அந்த ஓவனை, ஊர்ப் பேக்கரி அடுப்பைச் சொல்வதுபோல, போறணை என்றுதான் சொல்லுவார். "போறணை பத்தீட்டுது, மா கொண்டு வா!"

முதல் நத்தார்ப் பண்டிகை. நான் வந்து நாலு மாதம்தான். பட்டர் கேக். இவருடைய கூட்டாளிமார் நாலு பேர் பனிக்குள் சைக்கிளில் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவரக் கீழே இறங்கிய இவர், தெருக்கதவடியில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்: "ஜெசீ, இறக்கு! இப்ப இறக்கு!" இறக்கினேன். பொன்னிறம். இரண்டு மாடி கீழே இருந்து மணத்தில் பிடித்த மனிதன். ஐந்து பேரும் கட்டிலில் இருந்து சாப்பிட்டார்கள். கதிரை இரண்டுதான் இருந்தது.

அந்த மூக்கால்தான் தொழிற்சாலையில் பேர் எடுத்தார். கறுப்புப் பாண் எப்போது வெந்தது என்று மணிக்கூட்டுக்கு முதல் சொல்லுவார் என்று டேனிஷ்காரரே சொல்வார்கள்.

அந்தச் சைக்கிள் கடை இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே யார் இருக்கிறார்களோ. காம்பரில் காஸ் ஓவன்தான். நான் விடப்போவதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தூள் வறுத்தேன், காம்பருக்கு என்று தனியாக. மல்லி அடுப்பில் இருக்க டிலானி கோப்பன்ஹேகனிலிருந்து கூப்பிட்டாள். "கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று இவரிடம் சொல்லிவிட்டு மேலே போனேன். மகளோடு பத்து நிமிடம். நான் தமிழ், அவள் டேனிஷ், வழமை போல.

படியிலேயே கருகல் மணம். குசினி முழுக்கப் புகை. இவர் மேசையில் முதுகு காட்டி இருந்து ஓவன் கடதாசிகளை வாசிக்கிறார்! அடுப்பு நாலடி தூரத்தில்.

"என்னப்பா இது?"

"ஓ... யோசனையில இருந்திட்டன்."

ஒரு கிலோ மல்லி குப்பையில். நான் கத்தினேன். இவர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். அது எனக்கு என்னவோ செய்தது.

ஏப்ரல் 10, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பட்டறைக்குப் போனோம். கழற்ற முதல் கசிவு எங்கே என்று காட்டுவதாக ஹென்னிங் சொல்லியிருந்தார். பெரிய கதவு இரண்டும் திறந்து வைத்து, காம்பருக்குள் மூன்று பேரும். குழாய் மூட்டில் சவர்க்கார நுரை பூசி, சிலிண்டரை ஒரு சொட்டுத் திறந்தார். நுரை கொப்பளித்தது. அந்தக் கூழ்முட்டை மணம் குப்பென்று அடித்தது. நான் சால்வையால் மூக்கைப் பொத்தினேன். ஹென்னிங்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

இவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவர். அதைப் போட்டுக்கொண்டு, குனிந்து, முகத்தைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் டேனிஷில் கேட்டார்: "திறந்துவிட்டீர்களா?"

ஹென்னிங் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவர் நிமிர்ந்து என் சால்வையைப் பார்த்தார். பிறகு என் கண்ணை.

காரில் வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தி, இறங்காமல் இருந்தார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"அந்த மாரிக் காய்ச்சல். ரெண்டு பேரும் ஒண்டாப் படுத்தம், ஞாபகமா? உனக்கு மாறீட்டுது. எனக்கு மணம் திரும்ப வரேல்ல."

"ரெண்டு வருசம்!"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஒவ்வொரு நாளும் குசினிக்குள்ள வந்து கறி என்ன மணம், கேக் என்ன மணம் எண்டது?"

"அடுப்புக்குப் பக்கத்தில என்ன கிடக்குதெண்டு பாத்துப்போட்டுச் சொல்லுறது."

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்:

"உப்பு, புளி, உறைப்பு தெரியும். மிச்சமெல்லாம் ஒரே மாதிரித்தான். தொழிற்சாலையில ஒரு நாள் ஒரு தட்டுப் பாண் முழுக்க எனக்கு முன்னாலயே கருகி வந்தது. பக்கத்து லைனில நிண்ட மனுசி ஓடி வந்து நிப்பாட்டினவ. அண்டைக்கே நினைச்சன், இனிக் காணும் எண்டு."

அதனால்தான் ஓய்வு. ஊர் சுற்றவென்று அல்ல.

ஏப்ரல் 11, வெள்ளி

வெயில். யாருக்கு வேண்டும்.

கோபம். மூக்குப் போனதுக்கு அல்ல, அது அவர் பிழையா? மறைத்ததுக்கு. போன நத்தாருக்கு ரிச் கேக்கில் பிராண்டி விட மறந்துபோனேன். யாருக்கும் சொல்லவில்லை. இவர் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "பிராண்டி கொஞ்சம் தூக்கல்" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும்.

டிலானி தந்த வாசனைத் தெளிப்பு. வெளியே போகும்போதெல்லாம் யாருக்காகப் போட்டேன்?

இன்று கதைக்கவில்லை. சோறு, மரக்கறி. மேசையில் வைத்துவிட்டுத் தைக்கப் போனேன். மூன்றாவது உறை முடிந்தது. கோணல்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து காட்டுப் பக்கம் நடந்தோம். நிலமெல்லாம் வெள்ளை அனிமோன் பூ. இவர் வழக்கமாய் ஒன்றைப் பிடுங்கி மூக்கில் வைப்பார். இன்று குனியவில்லை. நடிப்பதற்கு இனித் தேவை இல்லைத்தானே. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ சமைக்கேக்க கவலைப்படுவாய். அவருக்கு என்ன தெரியப் போகுது எண்டு நினைச்சு நினைச்சுச் சமைப்பாய். எனக்கு நீ பழையபடி சமைக்க வேணும்."

கொஞ்ச தூரம் போய்:

"காஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது, ஜெசி. நீ கடைக்குப் போயிருப்பாய், நான் தேத்தண்ணிக்கு நெருப்புப் பத்த வைப்பன். அதுதான் வேண்டாம் எண்டனான்."

"அலாரம் பூட்டலாம் எண்டு ஹென்னிங் சொன்னவர்."

"பூட்டலாம். பிறகு நான் அந்த அலாரத்தையே பாத்துக்கொண்டிருக்க வேணும். லீவில போறது அதுக்கே?"

வீட்டுக்கு வந்து கோழி. நிறையக் கறுவா, ஏலம், எல்லாம் பழையபடி. அளவு குறைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

குடும்ப டாக்டரிடம் போனோம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம். ஒவ்வொரு நாளும் நாலு மணங்களை மூக்கில் வைத்துப் பயிற்சி. கராம்பு, எலுமிச்சை, கோப்பி, யூக்கலிப்டஸ். சின்னப் போத்தல்கள் நான்கு எடுத்துவைத்தேன்.

டிலானிக்குச் சொன்னேன். உடனே தகப்பனோடு கதைக்க வேண்டும் என்றாள். தமிழில் சொன்னாள். "அப்பாட்ட குடுங்கோ." இவர் போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பின்னேரம் ஹென்னிங் போன் எடுத்தார். காஸ் ஓவனுக்கு ஓடர் கொடுத்தாயிற்று என்று உறுதிப்படுத்த.

"என்ன காஸ்?"

"உங்கள் கணவர் காலையில் சொன்னாரே."

போனைப் பொத்திக்கொண்டு இவரைக் கேட்டேன். "நீ அந்தப் பழைய போறணையைப் பத்திக் கதைக்கேக்க உன்ர முகத்தைப் பாத்தன்" என்றார். "அலாரம் ரெண்டு பூட்டுவம். நீ ஆசைப்பட்டதையே வைப்பம்."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அந்த ஓவனை வாங்கினாலும் தெருக்கதவடியில் நின்று யார் கத்தப் போகிறார்கள்? போனில் டேனிஷில் சொன்னேன்: "விசிறி ஓவன். மின் அடுப்பு. காஸ் சிலிண்டர் வேண்டவே வேண்டாம்."

ஹென்னிங் கேட்டார், உங்கள் வீட்டில் யார் தீர்மானிப்பது?

"இன்றைக்கு நான்."

ஏப்ரல் 25, வெள்ளி

பாஸ்கா முடிந்தது. பூட்டியாயிற்று. கறுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே சின்ன விளக்கு. பழைய காஸ் பெட்டி இருந்த இடத்தில்தான். உள்ளே ஒரு ராத்தல் கேக் தட்டு சரியாய்ப் போகிறது, இரண்டு போகாது. சிலிண்டர் வைத்த அறையில் இப்போது என் தூள் போத்தல்கள். நல்ல இடம், உண்மையைச் சொன்னால்.

ஹென்னிங் சொன்னது, மறக்கக்கூடாது: ஓவன் ஓடும்போது தண்ணீர் கொதிக்கிற கேத்தில் போடக்கூடாது, கரண்ட் தாங்காது.

கராம்புப் போத்தல்: இவர், "ஒண்டும் இல்ல." எலுமிச்சை: ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் எழுதுகிறேன்.

மே 2, வெள்ளி, ரோமோ

முதல் பயணம், ரோமோத் தீவுக்கு. கோல்டிங்கிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். வழி முழுக்கக் காட்டுப் பீச் மரம் தளிர் விட்டிருந்தது. கடும் காற்று, கடல் கண்ணுக்கே தெரியாத தூரத்தில், நடுவில் மணல், மணல். காம்பிங்கில் கரண்ட் குத்தி, தேத்தண்ணி குடித்து, பட்டர் கேக்குக்கு அடித்தேன். மெத்தை உறை கோணல்தான், யாரும் கவனிக்கவில்லை.

ஓவன் போட்டு இருபது நிமிடம். நான் மறந்துபோய்க் கேத்திலைப் போட்டேன். டக். விளக்கு, விசிறி, எல்லாம் நின்றது. இவர் வெளியே ஓடிப்போய்ச் சுவிச்சைத் தூக்கிவிட்டு வந்தார். சூடு குறைந்துவிட்டது. நேரக் கணக்கு எல்லாம் பிழைத்துப்போயிற்று. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் மேலே பொன்னிறம், நடுவில் என்னவோ. குத்திப் பார்க்க ஈர்க்குச்சி கொண்டு வரவில்லை.

"பொறு" என்றார் இவர். துணியைப் பிடித்துத் தட்டை வெளியே எடுத்து, குனிந்து, காதைக் கேக்குக்குக் கிட்ட வைத்தார். பக்கத்துக் காம்பர் டேனிஷ் மனிசி கையில் கோப்பியோடு எங்கள் யன்னலுக்குள் பார்த்தபடி நிற்கிறாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"இன்னும் கதைக்குது."

"என்ன?"

"தொழிற்சாலையில கடைசி வருசம் இப்பிடித்தான் சமாளிச்சனான். பாணைத் தட்டிப் பாப்பன், கேக்கைக் கேட்டுப் பாப்பன். வேகாதது கதைக்கும். வந்து கேள்."

போய்க் காதை வைத்தேன். முகத்தில் சூடு. உள்ளே மெல்லிய சத்தம், நுரை ஒவ்வொன்றாய் உடைவது போல. முப்பத்தாறு வருடமாய்க் கேக் போடுகிறேன், இது எனக்குத் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கேட்டோம், தலைகள் முட்டிக்கொண்டு.

"அஞ்சு நிமிசம்" என்றேன் நான்.

"ஏழு" என்றார் இவர்.

ஏழுதான்.