கோல்மன் வீட்டு வளைவு

பலினா, மேயோ
மார்ச் 4, 2019

அன்புள்ள கோல்மன்,

இந்தப் பெட்டியைக் கவிழ்த்துத் திறந்துவிட்டு, "தபால்காரன் உடைச்சுட்டான்" என்று போன முறை மாதிரி எழுதாதே. பீட் கிழங்கு ஏற்றும் பொம்மை வேகன்கள் இதோடு முடிந்தன. முழு ரயிலும் இப்போது உன்னிடம். இணைப்புச் சங்கிலிகளை வளையம் வளையமாக நானே முறுக்கினேன். கிழங்குகளைக் களிமண்ணில் உருட்டி அடுப்பில் சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை வறுத்த கோழியில்கூட மண்வாசனை.

காலமெல்லாம் மேயோக்காரர்களுக்குப் பல் செட் செய்த கைக்கு இது பெரிய காரியமா என்ன! நம் பொம்மை ரயில் சங்கத்தின் நவம்பர் கண்காட்சியில் இந்த ரயில் ஒரு வண்டிகூடப் புரளாமல் ஒரு சுற்று வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

டப்ளினில் ரோஷீனும் பிள்ளைகளும் சௌக்கியமா? உன் மகளைப் பற்றி நீ ஒரு வரி எழுதி மாதக்கணக்காகிறது.

அன்புடன்,
எத்னா

தர்லெஸ், டிப்பரரி
மார்ச் 15

அன்புள்ள எத்னா,

வேகன்கள் பத்திரமாக வந்தன. அழகென்றால் அழகு. கிழங்கில் ஒட்டியிருக்கும் சேற்றைக்கூட விடவில்லை நீ.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது, என் பரணில் புகைபோக்கி ஓரத்து வளைவில், வண்டி முனைகளின் இடிதாங்கி பஃபர்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நடுவிலிருக்கும் வண்டிகள் எழும்பித் தடம் புரள்கின்றன. சக்கரத்தில் ஏதாவது சாய்வு இருக்குமோ? ரயிலைத் திருப்பி அனுப்புகிறேன், ஒரு தரம் பார்த்துவிடேன். பெட்டியில் ஒரு திராட்சை ரொட்டியும் வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம்.

உன்
கோல்மன்

பலினா
ஏப்ரல் 9

அன்புள்ள கோல்மன்,

ரொட்டிக்கு நன்றி. அது ஒன்றுதான் இந்த மாதம் எனக்கு நிம்மதி தந்தது.

எல்லாச் சக்கரங்களையும் கழற்றி மறுபடி பூட்டினேன். நம் அயர்லாந்து ரயில்பாதை அகலம். கடையில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளமோ இங்கிலாந்துக்காரன் அளவு. அகலமான உடம்புக்கு ஒடுங்கிய கால். அதனால் ஆடுகிறதோ என்று ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஈயத்துண்டு ஒட்டினேன். விரலெல்லாம் பசை. ரயில் மறுபடி உன்னிடம் வருகிறது.

நம் சங்கத்து மரியாதை எனக்கு மறக்கவில்லை. விருந்தாளியாக வந்த வண்டி புரண்டால் குற்றம் வண்டியுடையது. வீட்டுக்காரர் போட்ட பாதையைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. நானும் விடவில்லை. ஆனால் போன வருடம் நான் செய்து அனுப்பிய பழைய வேகன்கள் அதே வளைவில் எப்படி ஓடுகின்றன என்று மட்டும் சொல்.

எத்னா

தர்லெஸ்
ஏப்ரல் 24

அன்புள்ள எத்னா,

மறுபடியும் புரண்டன; ரயிலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. பஃபர்களை அரத்தால் கொஞ்சம் தேய்த்துவிட்டால் என்ன? தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவா போகிறது?

பப்பில் சங்கத்து டெலானியிடம் சொல்லிப் புலம்பினேன். "அவங்களுக்கும் வயசாகுதுல்லப்பா? கை முன்ன மாதிரி இருக்குமா?" என்றார். மனசில் வைத்துக்கொள்ளாதே. அவர் வாய் அப்படி.

உன்
கோல்மன்

பலினா
மே 15

கோல்மன்,

மனசில் வைத்துக்கொண்டேன்.

கண் டாக்டரம்மாவிடம் போனேன். "இந்தக் கண்ணுக்கு என்னங்க குறைச்சல்? வீட்டுக்குப் போயி வேலையப் பாருங்க" என்று விரட்டிவிட்டார். குறை கண்ணில் இல்லையென்றால் கையில்தான் என்று முடிவு செய்தேன். போன சனிக்கிழமை, சக்கரம் கடையும் என் லேத்தை ஸ்லைகோவில் இருக்கும் பார்ட்லிக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் வேகன் செய்கிறவர்தான். "ஏன் எத்னா, கை நடுங்குதா?" என்றார். "எனக்குத் தெரியல. நடுங்குதுன்னு சொல்றாங்க" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. லேத்தைக் கம்பளியில் சுற்றிக் காரில் ஏற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை மேசையை ஒழித்தேன். பாதை போடும்போது நீ வரைந்து அனுப்பிய படம் கிடைத்தது. சும்மா இருக்க மனமில்லாமல், மிச்சமிருந்த தண்டவாளத்தைத் தரையில் உன் வளைவின் அளவுக்கே வளைத்துப் போட்டேன். நீ திருப்பி அனுப்பிய அதே ரயிலைப் பின்னோக்கித் தள்ளினேன். புரளவில்லை. வேகமாகத் தள்ளினேன். புரளவில்லை. வேண்டுமென்றே இடித்துத் தள்ளினேன். ஒரு கிழங்குகூடக் கீழே விழவில்லை.

பழைய வேகன்களைப் பற்றிக் கேட்டேன், நீ பதிலே எழுதவில்லை. சங்கத்து மரியாதை இருக்கட்டும். உன் பரணில் என்ன நடந்தது?

எத்னா

தர்லெஸ்
மே 21

அன்புள்ள எத்னா,

பழைய வேகன்களும் புரள்கின்றன. எல்லாமே புரள்கின்றன.

ஜனவரியில் ரோஷீன் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கிறாராம். வேறு வீடு பிடிக்க அவள் சம்பளம் காணாது. "அப்பா, பரண்ல பாதி குடுத்தா போதும்ப்பா. பசங்க படுத்துக்குவாங்க" என்றாள். நடுவில் பலகைச் சுவர் வைத்தேன். பாதையைச் சுருக்கி வளைத்தேன். அந்த வளைவில் பூனைகூடத் திரும்பாது.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ வேகன் செய்வதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். வேகன் வராவிட்டால் கடிதமும் வராது. வீடு இழந்து, புருஷனும் விட்டுப்போய், மகள் என் கூரைக்குக் கீழே வந்து நிற்கிறாள் என்று எழுதவும் கை வரவில்லை. டெலானி சொன்னதை உனக்கு எழுதியது அயோக்கியத்தனம். என்னை மன்னித்துவிடு.

கண்காட்சியிலிருந்து நம் பெயரை எடுத்துவிட்டேன்.

கோல்மன்

பலினா
மே 27

கோல்மன்,

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது எனக்கு. பரணைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததற்கில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால்தான் உன்னோடு பேச்சை விட்டிருப்பேன். காலையில் எழுந்ததும் கையை நீட்டி, நடுங்குகிறதா என்று பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். நீயோ அங்கே டெலானியோடு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தாய்.

மன்னிப்பு இப்போதைக்குக் கிடையாது. கண்காட்சியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஜூன் எட்டாம் தேதி காரை எடுத்துக்கொண்டு வா. ஸ்லைகோ போகிறோம். பார்ட்லி வீட்டுக் கதவை நீதான் தட்ட வேண்டும். எத்னாவின் லேத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நீதான் கேட்க வேண்டும். ஏன் என்று இந்த முறை அவர் கேட்காமல் விடமாட்டார். அதையும் உன் வாயாலேயே சொல், ஒன்று விடாமல்.

நான் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

எத்னா