ஏலம் போகாத கூடை

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருப்பதைப் போனில் ஒவ்வொரு தடவையும் ஒரு "ம்" வழியாகத் தெரிந்துகொள்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கறப்பதற்குள் எனக்கே தொண்டை வறண்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தால் அது அங்கேயே கிடந்து உங்களை முறைக்கும். மகள் தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். நீ எழுதினால் உன் அப்பா டீச்சர் கூப்பிட்டுவிட்டதாக நினைத்துப் பயந்துவிடுவார், நானே எழுதுகிறேன் என்றேன்.

ஐஸ் கம்பெனியில் கை விறைத்துப் போகிறதாமே. மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள், என்னிடம் சொல்லவில்லை. உள்ளே துணி வைத்துத் தைத்த கையுறை அனுப்பியிருக்கிறேன். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும். நான் தைத்ததுதான், கடையில் வாங்கியது என்று யாரிடமும் பெருமை அடிக்க வேண்டாம்.

படகை உங்கள் கூட்டாளி ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார். ஆனால் வலையை மடிக்கச் சொன்னால் துவைத்த துணியைக் கொடியிலிருந்து உருவிப் போட்ட மாதிரி போட்டுவிட்டுப் போகிறார். நான்கு வார்த்தை கேட்டேன். "அவன் வந்து மடிக்கட்டும்" என்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அதுவும் நீங்கள் வந்து பார்க்கட்டும் என்று இருக்கிறதோ என்னவோ.

இப்போது பெரிய சங்கதி. மார்க்கெட்டில் ஏலம் விடுகிற பெண்களான எங்களுக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். கடலை வழித்துத் துடைக்காமல் பிடிக்கிறவர்கள், விற்கிறவர்கள் எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்துப் பாராட்டுகிற அமைப்பாம். இத்தனை நாளும் எங்களைத் தேடிப்பிடித்துத் திட்டினவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை நண்டுக்குத்தான். வயிற்றில் முட்டைக் கொத்தோடு வருகிற நண்டுக்கு இனி யாரும் விலை கூறுவதில்லை என்று நாங்கள் பேசி முடிவெடுத்தபோது நீங்கள் கடலில் இருந்தீர்கள். மறுநாள் விடிந்ததும் கரைக்கு வந்த முதல் கூடை உங்கள் கூடை. மேலே பார்த்தால் முழுக்க முட்டை நண்டு. எல்லாப் பெண்களும் என் வாயையே பார்க்கிறார்கள். ஒலிபெருக்கி என்று பேர் வாங்கின வாய். அன்றைக்கு மூடிக்கொண்டது. சொந்த வீட்டுக் கூடைக்கு மட்டும் ஏலம் விட்டிருந்தால் அடுத்த கூடைக்காரனிடம் எந்த முகத்தோடு பேசுவேன்? இன்றைக்கு அந்தக் கூடை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

ஆனால் டீக்கடையில் மற்ற படகுக்காரர்கள் உங்களைக் கேட்ட கேள்வியும் என் காதுக்கு வந்தது. "உன் நண்டுக்கு உன் பெண்டாட்டிகிட்டயே விலை இல்லையாமே." அதைக் கேட்டுவிட்டு வந்துதான் பையை எடுத்தீர்கள். ஐஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னீர்கள். நானும் போய்வாருங்கள் என்றேன். கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். மழைக்காலமே ஒன்று போய்விட்டது.

நண்டு இப்போது எப்படி வருகிறது தெரியுமா? உள்ளங்கை அளவு வந்துகொண்டிருந்தது, இப்போது கை இரண்டையும் விரித்தால்தான் பிடிக்க முடிகிறது. டீக்கடையில் சிரித்தவர்கள்தான் முட்டை நண்டு வலையில் ஏறினால் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டால் ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் செய்கிற மாதிரி பேச்சு.

விருதுக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். அன்றைக்கு நின்ற மாதிரியே பேசாமல் நில்லுங்கள் என்றார்கள். காமிராவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. மறுபடி நிற்கச் சொன்னார்கள், மறுபடி சிரிப்பு. கடைசியில் படத்துக்காக எங்கள் முன்னால் விட்டிருந்த நண்டே பொறுமை இழந்து படம் எடுக்கிறவர் செருப்பைக் கவ்விக்கொண்டது. அந்தப் படத்தைத்தான் போடப்போகிறார்களாம்.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்து, இதை முதலில் ஆரம்பித்தது யார், அவருக்குத் தனியாக ஒரு மரியாதை செய்யவேண்டும் என்று ஒரு அம்மா கேட்டார். எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். நானும் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது பின்னால் ஒருவர் எழுந்தார். யார் என்று பார்த்தால் உங்கள் அக்கா. நீங்கள் போன நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிற உங்கள் அக்கா.

"இவ வாயை மூடினது பெரிசில்ல. மார்க்கெட்டுக்குப் பின்னாடி வேன்காரன் கேள்வி கேக்காம எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுதான் இருந்தான். என் தம்பி அந்தப் பக்கம் திரும்பியிருந்தா எல்லாரும் அவன் பின்னாடியே போயிருப்பாங்க. அவன் கூடையைத் தூக்கிட்டுத் தண்ணிக்குத்தான் போனான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு வாயடைத்துப் போனது அது இரண்டாவது தடவை.

அவர் சொன்னது சரிதானே. அன்றைக்கு நான் தலையைக் குனிந்து நின்றேன். கூடையை என் காலடியில் கவிழ்க்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தீர்கள். கோபத்தில் விடுகிறவன் கூடையோடு வீசுவான். ஒவ்வொன்றாக ஏன் விட்டீர்கள்? இதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். போனில் கேட்டால் "ம்" என்பீர்கள், நேரில்தான் கேட்க வேண்டும்.

அந்த மரியாதை உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று முடிவாகிவிட்டது. மேடையில் என் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி. மகள் தான் உட்காருவதாகச் சொன்னாள், உங்கள் அக்காவும் ஆசைப்படுகிறார். யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் வாசலிலேயே பந்தல். வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் சரியாக இருக்கும். நல்ல சட்டை ஒன்றாவது எடுத்து வாருங்கள், மீன் வாசனை போதாது என்று ஐஸ் வாசனையும் சேர்த்துக்கொண்டு வராதீர்கள்.

உங்களை எனக்குத் தெரியாதா? கூட்டம், மாலை, கைதட்டல் என்றாலே நழுவுகிற ஆள். அத்தனை பேர் பார்க்க ஒரு தடவை நின்றதே போதும் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். விருதை நானே வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் திங்கட்கிழமை வாருங்கள். பந்தலைப் பிரித்திருப்பார்கள், ஊர் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். மகளையும் உங்கள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். கதவு வெறுமனே சாத்தியிருக்கும், தட்ட வேண்டாம்.

உடம்பு நன்றாக இருக்கட்டும். கை விறைக்காமல் இருக்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
வீட்டுக்காரி