ஐந்தாவது கோடு

மார்ச் 4

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நலம். அண்ணன் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் வீட்டை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். அறைகளின் படம் கேட்டார், எடுத்தேன். உன் கையெழுத்தும் வேண்டும். பத்திரத்தைப் பிறகு அனுப்புகிறேன்.

அதற்கு முன் நம் பழைய வழக்கு ஒன்று. "விலை கூடின லென்ஸ்ல எடுத்தா கல்யாணப் பொண்ணு அழகாயிடுவாளா? யாருக்குங்க வித்தியாசம் தெரியப்போகுது?" என்று ஸ்டுடியோவில் என் வாயை அடைப்பாயே. ஆசையை அடக்க முடியாமல் வாங்கிவிட்டேன். இத்துடன் இரண்டு படங்கள். இரண்டும் நடு அறையின் அதே சுவர். ஒன்று பழைய லென்ஸ், ஒன்று புதியது. பிரிண்டில் ஒரு தூசியைக்கூட விடாதவள் நீ. எது புதியது என்று நிதானமாகப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் போட்டோக்காரன்

மார்ச் 11

அன்புள்ள போட்டோக்காரருக்கு,

காசைக் கரியாக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நான் தோற்றேன். இரண்டாவது படம்தான் புது லென்ஸ். முதல் படத்தில் வெறும் சுவர். இரண்டாவதில் கதவோரம் பெயின்ட்டுக்கு அடியில் கோடுகள் தெரிகின்றன.

வாண்டின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளைச் சுவரோடு நிற்கவைத்து வீட்டுச் சாவியால் நான் கீறிய கோடுகள். "நுனிக்கால்ல நிக்காதடி" என்று நான் அதட்டுவேன், நீங்கள் சிரித்துக் காரியத்தைக் கெடுப்பீர்கள். காய்ச்சல் நம் மகளைக் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தீர்கள். அன்றுதான் நான் பெட்டியைக் கட்டினேன். இன்னும் ஆறவில்லை.

நான் போட்டவை நாலு. படத்தில் ஐந்து இருக்கின்றன. பேருக்கேற்ற மாதிரி பூதக்கண்ணாடியை வைத்தே பார்த்தேன். நாலும் பெயின்ட்டுக்குள் மழுங்கிக் கிடக்கின்றன. ஐந்தாவது மட்டும் கூர்மையாக, நாலு விரல் மேலே. போன பிறந்தநாளுக்கு அவள் இருந்திருந்தால் அந்த உயரம்தான் இருந்திருப்பாள். நீங்களா போட்டீர்கள்?

பூதக்கண்ணாடி

மார்ச் 16

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நீ தோற்கவில்லை. லென்ஸ் எதுவும் நான் வாங்கவில்லை. இரண்டும் பழைய லென்ஸில் எடுத்தவை. முதல் படம் உச்சி வெயில் நேரத்தில். இரண்டாவது சாயங்காலம், ஜன்னல் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு விழும்போது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் மேடுபள்ளம் தெரியும் என்று எனக்கே பாடம் எடுத்தவள் நீ. கோட்டைப் பார்த்ததும் உனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பிரிண்ட் போடும்போதுதான் நானும் ஐந்தாவதைப் பார்த்தேன். ஓடிப்போய்த் தடவினேன். பெயின்ட்டை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. உன்னிடம் நேரே கேட்கத் துணிவில்லை, அதனால்தான் லென்ஸ் கதை. பந்தயம் என்றால் நீ விடமாட்டாய்.

நான் போடவில்லை. நீதான் போட்டிருப்பாய். இன்னொரு சாவி உன்னிடம்தானே இருக்கிறது. வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போய்த் திரும்பினால், யாரோ கதவோரம் நின்றுவிட்டு அப்போதுதான் நகர்ந்த மாதிரி இருக்கும். அது நீதான் என்று இப்போது புரிகிறது. என்றாவது வருவாய் என்றுதான் பூட்டைக்கூட மாற்றாமல் வைத்திருந்தேன்.

அவளை மறக்க நான் பெயின்ட் அடிக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை தானாக நாலாவது கோட்டுக்குப் போய் அவள் தலையைத் தடவியது. தாங்க முடியவில்லை.

ஆமாம் என்று ஒரு வரி எழுது. போதும்.

உன் போட்டோக்காரன்

மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

ஆமாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் வரவில்லை. நான் ஒரு தடவைகூட அங்கே வரவில்லை. அந்தச் சாவியைக் கிளம்பிய அன்றே உங்கள் கேமராப் பையின் பக்க உறையில் போட்டுவிட்டேன். கையில் கிடைத்ததும் என்னைக் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். துழாவிப் பாருங்கள், அடியில் கிடக்கும். அதன் பல்லில் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எனக்குத் தெரிய வேண்டாம்.

பத்திரத்தை அனுப்பாதீர்கள். வாங்க வந்தவரை வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவள் பிறந்தநாள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆறாவது கோடு விழும்போது நாம் இரண்டு பேரும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள். என்னிடம் சாவி இல்லை.

உங்கள் பூதக்கண்ணாடி