முழு உருவமும் தெரிகிற படம்

பிப்ரவரி 11

என் வாயாடிப் பேத்திக்கு,

உன் அண்ணன் லாரி லைசென்ஸ் எடுத்துவிட்டான். உன் தங்கை, நம் சின்னவள், நர்ஸ் பரீட்சையில் தேறி, பச்சைக் குழந்தைகள் வார்டில் சேர்ந்துவிட்டாள். நீ அச்சகத்தில் பன்னிரண்டு ஆம்பிளைகளை மேய்க்கிறாய். அஞ்சாவதோடு நின்ற நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறேன்.

அப்படிப்பட்ட நீ, ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பவள் உன் எடையைக் கத்திச் சொன்னாள், வரிசையே சிரித்தது என்று இரண்டு மாதமாகப் போகவில்லையாம். இளைத்த பிறகு போகிறேன் என்று ஒரு வேளைச் சாப்பாட்டையும் விட்டாயாம். மாப்பிள்ளை எழுதியிருந்தார். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை, பட்டினியா கிடப்பாய்?

சின்னவளைத் தவிர யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு முன்னால் எனக்கு ஓர் ஆண் பிள்ளை. அப்போது நானும் உன்னைப் போலத்தான், வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. அஞ்சு கிலோவில் பிறந்தான். எல்லாரும் மெச்சினார்கள். மறுநாள் பால் குடிக்கவில்லை, துவண்டான். மூன்றாம் நாள் இல்லை. எனக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்றார்கள். நானும் நம்பினேன்.

சின்னவள் சொல்கிறாள், "உங்களுக்குச் சர்க்கரை இருந்திருக்கும் பாட்டி. அப்படிப் பிறக்கிற பிள்ளைக்குச் சர்க்கரை சட்டுனு இறங்கிடும். குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும்."

எனக்குப் பார்க்க ஆளில்லை. உனக்கு ஆள் இருக்கிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய், தலைநிமிர்ந்து மெஷினில் ஏறு.

பாட்டி

மார்ச் 2

அன்புள்ள பாட்டி,

போனேன். அதே அம்மா, "நூத்தி நாலு" என்று கத்தினார். "நூத்தி நாலரை. அந்த அரையை ஏன் விடுறீங்க?" என்றேன். வரிசை சிரித்தது, இந்தத் தடவை என் பக்கம்.

சர்க்கரை இருக்கிறது. பட்டினி கிடந்ததற்கு டாக்டரம்மா திட்டினார். அளவாகச் சாப்பாடு, நடை, தினமும் ஊசி. மூன்று நாள்கூட இல்லாத மாமாவைப் பற்றிச் சொன்னேன், குறித்துக்கொண்டார். பிறந்ததும் குழந்தைக்குப் பார்ப்பார்கள்.

மாமாவுக்குப் பெயர் வைத்தீர்களா?

வாயாடி

மே 24

வாயாடிக்கு,

பிறந்த ஒரு மணி நேரத்தில் கொள்ளுப்பேத்திக்குச் சர்க்கரை இறங்கியது, குதிகாலில் குத்தியதும் கண்டுபிடித்தார்கள், கண்ணாடி அறையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்று சின்னவள் சொன்னாள். இப்போது மூச்சுவிடாமல் குடிக்கிறாளாமே. குடிக்கட்டும்.

அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி, உங்களுக்கு ஒரே பெண்தானே என்றாள். இரண்டு பிள்ளை என்றேன், சத்தமாகவே.

நீ அனுப்பிய படத்தில் குழந்தையும் உன் இரண்டு கையும்தான் இருக்கின்றன. மீதியைக் கத்தரித்திருக்கிறாய், ஓரம் கோணலாக இருக்கிறது. அது எனக்கு வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முழு உருவமும் தெரிய நின்று ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. சட்டம் பெரிதாகவே வாங்கி வைத்திருக்கிறேன்.

பாட்டி